வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு நாடு

"எங்கம்மாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்க."

சொல்லியேவிட்டாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. பேராசிரியரின் கணவரான வக்கீல், வாய்வரை கொண்டுபோன கரண்டியைத் திரும்பத் தட்டில் வைத்தார். மாணவர்கள் ஆளுக்கொரு தட்டை உற்றுப் பார்த்தார்கள், விடை அதில் எழுதியிருப்பதைப் போல. பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் பரிமாறும் கரண்டியோடு நின்றிருந்த அம்மா மட்டும் நேராக மகளைப் பார்த்தாள். வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு என்றது அந்தப் பார்வை.

இந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் அம்மா அவளை வளர்த்திருந்தாள். "அந்த வீட்டுல உனக்கு என்ன வேணும்னாலும் கேளு. புஸ்தகம் கேளு, பேனா கேளு. எனக்குன்னு எதையும் கேட்டுடாதே. கேட்டா உனக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னு ஆயிடும்."

காலி நாற்காலி ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதில் பேராசிரியரின் கைப்பை உட்கார்ந்திருந்தது.

பேராசிரியர்தான் முதலில் சுதாரித்தார். சிரித்தார். உதடுதான் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. "அட, இது என்ன புதுசா?" அம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீயே சொல்லு. உன்னை உட்காராதன்னு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா?"

"ஐயோ, இல்லீங்க மேடம்." அம்மா பதறினாள். "எனக்கு நின்னே பழகிடுச்சு. உட்கார்ந்தா இடுப்பு பிடிச்சுக்கும்."

"மனுதாரரே மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க. வழக்கு தள்ளுபடி!" என்றார் வக்கீல்.

எல்லோரும் சிரித்தார்கள். தப்பித்தோம் என்கிற சிரிப்பு. கைப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. மாணவர்களில் சிரிக்காத ஆள் ஒருத்திதான். மேசைக் கடைசியில் இருந்த முதலாண்டு மாணவி, ஒரு தையல்காரரின் மகள். அவள் கைப்பையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள், துணியை வெட்டுமுன் அளவு பார்ப்பதைப் போல.

அந்தக் கல்லூரியில் முதலாண்டில் சேருகிற எல்லோரும் ஒரு பாடத்தைப் படித்தே ஆக வேண்டும். 'உலக நீதி: வாசிப்பும் எழுத்தும்.' சுரங்கத்தில் வேலை செய்யும் குழந்தைகள், தீப்பிடித்த துணி ஆலைகள், விஷமான ஆறுகள். இவற்றைப் பற்றிப் படித்து, பேசி, எழுதி, அதன் வழியாகவே பிள்ளைகள் வாசிக்கவும் எழுதவும் கற்க வேண்டும். நல்ல பாடம். உண்மையிலேயே நல்ல பாடம். அதை வகுத்தவர் இந்தப் பேராசிரியர். பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய மேடம்'. நன்றாக எழுதுகிறவர்களைச் சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு அழைப்பார். கட்டுரைகளை உரக்க வாசிப்பார்கள், விவாதிப்பார்கள், சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

சாப்பாடு அம்மாவின் சமையல்.

நாற்காலி கேட்டவள் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கும் தற்காலிக ஆசிரியை. 'சின்ன டீச்சர்.' அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கல்லூரியில் சேர வழிகாட்டியது பெரிய மேடம்தான், அதை இல்லையென்று அவள் எங்கும் சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே? எந்த மேடை ஏறினாலும் மேடம், "எங்க வீட்டுல வேலை செய்யறவங்க பொண்ணு. இன்னிக்கு என்கூடவே பாடம் எடுக்கிறா!" என்பார். கூட்டம் கைதட்டும். இவள் எழுந்து நின்று, தலையைத் தாழ்த்தி, உட்கார வேண்டும். கண்காட்சிக்கு வந்த மாடு மாதிரி. பருவ முடிவில் அவள் வேலை நிரந்தரமாகும் என்று பேச்சு. மேடம் சொன்னால் பிரின்சிபல் கையெழுத்துப் போடுவார். சொல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அன்று பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கி நடக்கும்போது வெடித்தாள்.

"யாருடி சொல்லிக் குடுத்தது உனக்கு?"

"யாரும் சொல்லிக் குடுக்கல."

"பொய் சொல்லாதே. நீயா கேக்கற ஆள் இல்ல. யாரோ ஏத்தி விட்டிருக்காங்க. இன்னும் கொஞ்ச நாள்ல வேலை நிரந்தரமாகப் போகுது, இப்பப் போயி நாற்காலி கேக்குறா! நான் கேட்டேனா உன்கிட்ட?"

"நீ கேக்க மாட்டே. அதனாலதான் நான் கேட்டேன்."

"நான் பாத்திரம் தேய்ச்சு உன்னைப் படிக்க வச்சது, நீ என்னை அந்த மேசையில உட்கார வைக்கவா?"

"பின்ன எதுக்கும்மா?"

அம்மா வேகமாக நடந்தாள். இடுப்பு வலி இருப்பவள் நடக்கிற நடையாக அது இல்லை.

திங்கட்கிழமை காலை, பெரிய மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"கதவைச் சாத்து, கண்ணு." சாத்தினாள். "யாரு சொல்லிக் குடுத்தா?"

அதே கேள்வி. சொந்தமாக ஒரு எண்ணம் தோன்றும் தலை இவளுக்கு இருக்கும் என்று நம்ப இரண்டு பேருமே தயாராக இல்லை.

"யாரும் இல்ல மேடம்."

"பசங்ககிட்ட நம்ம வீட்டைப் பத்தி என்ன பேசுற?"

"எதுவும் பேசல."

"ஒண்ணுமே பேசாமலா அந்தத் தையல்காரர் பொண்ணு என்னை அப்படி மொறைச்சா?" மேடம் மேசைமேல் இருந்த பேனாக்களை நேராக அடுக்கினார். "பாரு, அடுத்த சனிக்கிழமை பிரின்சிபல் சாப்பிட வர்றார். உன் ஆர்டர் விஷயம்தான். இந்தத் தடவை கட்டுரை எல்லாத்தையும் நானே முதல்ல படிச்சிடறேன். உனக்கும் வேலை மிச்சம்."

அன்றிலிருந்து எங்கு திரும்பினாலும் மேடத்தின் கண் இருந்தது. வகுப்பு நடக்கையில் சத்தமில்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். வெளியே வரும் பிள்ளைகளைத் தோளில் கைபோட்டு நிறுத்தி, "டீச்சர் இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்பார். வீட்டில் சமையலறை வாசல்வரை வந்து நின்று, "தங்கச்சி, உன் பொண்ணு ராத்திரி யார்கூடயாவது போன்ல பேசுறாளா?" என்பார். வாசல்வரைதான். அதைத் தாண்டி அந்தச் சமையலறைக்குள் அவருக்கு வேலை இருந்ததில்லை.

அந்த வாரம் வகுப்பில் ஒரு தூர தேசத்தின் வீட்டுப் பணியாளர்களைப் பற்றிய பாடம். எஜமானர்கள் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள், பெண்கள் மாடிப்படிக்குக் கீழே தூங்குகிறார்கள். சின்ன டீச்சர் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் விதம் எளிமையானது. "ஒரு பத்தியைப் படிச்சா மூணு கேள்வி கேளுங்க. யாருக்கு நடந்தது? யாரு செஞ்சாங்க? யாரு பார்த்துட்டுச் சும்மா இருந்தாங்க? மூணாவது ஆளைக் கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம். பெரும்பாலும் அவங்கதான் எழுதியிருப்பாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். மணி அடித்தபின் தையல்காரர் மகள் மட்டும் கிளம்பவில்லை.

"டீச்சர், பக்கத்துல நடக்கறதை எழுதக் கூடாதா?"

எழுதக் கூடாது. இந்தப் பாடத்தின் முதல் விதியே அதுதான். கட்டுரைக்கு எடுக்கும் அநியாயம் வேறு நாட்டில் நடந்திருக்க வேண்டும். சின்ன டீச்சர் அதை ஒப்பித்தாள், மேடத்தின் குரலிலேயே. "பக்கத்துல இருக்கறதை எழுதினா புலம்பல் ஆயிடும். தூரத்துல இருக்கறதை எழுதினாத்தான் கட்டுரை."

"உங்களுக்கு அது சரின்னு படுதா டீச்சர்?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். இந்தப் பெண்ணை மேடம் அனுப்பியிருந்தால்? வாயைக் கிளறிப் பார்க்கத்தான் இந்தக் கேள்வியென்றால்?

அந்தப் பெண்ணும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "நான் ஒண்ணு சொன்னா அதைப் போய் மேடம்கிட்ட சொல்லிடுவீங்களா?" என்றாள்.

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் உளவாளியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் அலுத்துப்போனவள் அந்த மாணவிதான்.

"போன சனிக்கிழமை பாத்ரூம் தேடிப் போனேன். சமையலறைக்கு அந்தாண்ட தப்பான கதவைத் திறந்துட்டேன்." அவள் குரல் இறங்கியது. "அங்க உங்கம்மா சாப்பிட்டுட்டிருந்தாங்க."

சின்ன டீச்சருக்கு அந்த இடம் தெரியும். வாஷிங் மெஷினுக்கும் பின்சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு. பெயிண்ட் வாளி ஒன்று கவிழ்த்துப் போட்டிருக்கும். அம்மா அதில் உட்கார்ந்து சாப்பிடுவாள். மெஷின் ஓடினால் தரை அதிரும், தட்டைக் கீழே வைக்க முடியாது. பக்கத்தில் இன்னொரு வாளி இருந்தது, சின்ன வாளி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய வாளி. பெருக்கல் வாய்ப்பாட்டை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தித்தான் அவள் மனப்பாடம் செய்தாள். பட்டம் வாங்கிய பிறகு அவளுக்கு மேசையில் இடம் கிடைத்தது. சின்ன வாளியில் இப்போது தரை துடைக்கும் துணி கிடக்கிறது.

"எழுதட்டுமா டீச்சர்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டால் வேலை நிரந்தரம். வாடகை வீட்டுக்காரரும் பல் டாக்டரும் மதிக்கிற வேலை. அம்மாவை வேலையை விட்டு நிறுத்தி வீட்டில் உட்கார வைக்கலாம். நாற்காலியில்.

"எழுது," என்றாள். "ஊர் பேரு மட்டும் போடாதே. தூரத்தை அவங்களே போட்டுக்குவாங்க."

மேடம் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார், கண்டுபிடித்தால் வேலை போகும். இது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்க அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு கேள்வி. கண்டுபிடிக்காவிட்டால்?

மேடம் கட்டுரைகளைச் சல்லடை போட்டுச் சலித்தார். தன் வீட்டைத் தேடினார். தன் புத்தக அலமாரியை, தன் பியானோவை, தன் நாயைத் தேடினார். ஒரு பையன் விஷமான ஏரியைப் பற்றி எழுதியதில் செத்துப்போன மீன்கள் வந்தன. அவனைக் கூப்பிட்டு, "இது எங்க ஹால்ல இருக்கற மீன் தொட்டியா?" என்று விசாரித்தார். அந்தப் பையனுக்கு வேர்த்துக் கொட்டியது. "ஏரி மேடம். சத்தியமா ஏரி." பெண்ணுரிமை பற்றி எழுதிய ஒருத்தியிடம், "இந்த 'அதிகாரமான பெண்மணி' யாரு?" என்று கேட்டார். அது ஒரு ராணி என்று தெரிந்த பிறகுதான் விட்டார்.

தையல்காரர் மகளின் கட்டுரையை இரண்டு முறை படித்தார். அதற்கு முதல் பரிசு, கல்லூரிக் கட்டுரைத் தொகுப்பில் முதல் இடம் என்று எழுதினார்.

சனிக்கிழமை பிரின்சிபல் வந்தார். ஒரு உறையை மேசையில் தன் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். அது என்ன உறை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அம்மா சுற்றி வந்து பரிமாறினாள். மகளின் தட்டில் வைக்கும்போது மட்டும் கரண்டி தட்டில் இடித்தது. காலி நாற்காலியில் வழக்கம்போல் கைப்பை. எல்லோருக்கும் பரிமாறிய பின் அம்மா உள்ளே போனாள்.

"இன்னிக்கு முதல் கட்டுரையை நானே வாசிக்கப் போறேன்," என்றார் மேடம். "அழுதுட்டா மன்னிச்சுக்குங்க."

வாசித்தார். நல்ல குரல் அவருக்கு.

"'அவள் சாப்பிடும் இடத்துக்குக் கதவு உண்டு, ஜன்னல் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் சுழலும்போது தரை நடுங்குகிறது. அதனால் அவள் தட்டைக் கீழே வைப்பதில்லை. ஒரு கை தட்டைப் பிடித்திருக்க, ஒரு கையால் சாப்பிடுகிறாள். குடிக்கும்போது சாப்பிட முடியாது, சாப்பிடும்போது குடிக்க முடியாது.'"

வக்கீல் மெல்லுவதை நிறுத்தினார். மனைவிக்குத் தெரியாமல் சிகரெட் பிடிக்க அவர் பின்கட்டுக்குப் போவதுண்டு. அந்த இடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். "சாப்பாடு ஆறுது," என்றார் மெதுவாக. "மீதியை அப்புறம் படிக்கலாமே."

"சும்மா இருங்க," என்றார் மேடம். "'அந்த வீட்டில் அவளை யாரும் திட்டுவதில்லை. உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த உறவு சமையலறை வாசல்வரை வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் அது திரும்பிப் போய்விடுகிறது.'"

குரல் உடைந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மனுஷங்களா இவங்க?"

"அங்கெல்லாம் சட்டமே கிடையாது மேடம்," என்றார் பிரின்சிபல், தலையை ஆட்டிக்கொண்டு.

"சட்டம் எதுக்கு சார்? கண்ணு இருந்தாப் போதாதா? தன் வீட்டுக்குள்ளயே ஒருத்தி எங்க உட்கார்ந்து சாப்பிடறான்னு தெரியாமலா இருப்பாங்க?" மேடம் பெருமூச்சு விட்டார். "இந்தப் பொண்ணை இப்படி எழுத வச்சது நம்ம சின்ன டீச்சர்தான். நான் கூட இடையில ஏதேதோ நினைச்சேன், தப்பு. சார், நீங்க கையெழுத்தைப் போடலாம்."

பிரின்சிபல் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். உறையைப் பிரித்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் குறை," என்று மேடம் தையல்காரர் மகள் பக்கம் திரும்பினார். "எந்த நாடுன்னு போடலியே? தொகுப்புல முதல் கட்டுரையா வருது. சொல்லும்மா."

அந்தப் பெண் சின்ன டீச்சரைப் பார்த்தாள்.

சின்ன டீச்சர் எழுந்தாள். "ரொம்ப தூரமில்ல மேடம். வாங்க, காட்டுறேன்."

ஏதோ வேடிக்கை என்று நினைத்து மேடம் சிரித்துக்கொண்டே எழுந்தார். பிள்ளைகளும் பின்னால் வந்தார்கள். வக்கீலும் பிரின்சிபலும் வரவில்லை. சமையலறை வாசலில் மேடத்தின் கால் ஒரு நொடி தயங்கியது. பிறகு தாண்டியது. அடுப்பு, தொட்டி, துடைப்பம். கடைசிக் கதவைச் சின்ன டீச்சர் திறந்தாள்.

வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கவிழ்த்த வாளியில் அம்மா. கையில் தட்டு.

கூட்டத்தைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அம்மா பாதி எழுந்தாள். தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாதி எழுந்த நிலையிலேயே நின்றாள்.

மேடத்தின் கண் வாளியைப் பார்த்தது. அதிரும் தரையைப் பார்த்தது. தட்டைப் பார்த்தது. தன் கையில் இன்னும் இருந்த கட்டுரையைப் பார்த்தது. பிறகு, அப்போதும், சந்தேகம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"இங்க யாரு உட்காரச் சொன்னா உன்னை?"

"யாரும் சொல்லலீங்க," என்றாள் அம்மா. மெஷின் சத்தத்தில் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அந்த வீட்டில் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "வேற எங்கயும் உட்காரச் சொல்லவும் இல்லீங்க."

மேடம் மகள் பக்கம் திரும்பினார். "நீதான் சொல்லிக் குடுத்தியா அந்தப் பொண்ணுக்கு?"

"ஆமா மேடம். வாசிக்கச் சொல்லிக் குடுத்தேன். அதுதானே என் வேலை."

"இதை... இதைத் தொகுப்புல போட முடியாது." மேடம் காகிதங்களை மடித்தார், இன்னொரு முறை மடித்தார். "விதி உனக்கே தெரியும். இது பக்கத்துல இருக்கறது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கண்ணு, அவசரப்படாதே. ஆர்டர் மேசைமேலதான் இருக்கு. நிதானமா யோசி."

சின்ன டீச்சர் சாப்பாட்டு அறைக்குத் திரும்பிப் போனாள். காலி நாற்காலியிலிருந்த கைப்பையைத் தூக்கி மேசைமேல், அந்த உறையின்மேல் வைத்தாள். நாற்காலியைத் தூக்கினாள். கனமான மரம். சமையலறை வாசலில் அதன் கால் இடித்தது, சாய்த்துக்கொண்டாள். மாணவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தையல்காரர் மகள் முன்னால் ஓடி வாளியைக் காலால் தள்ளி இடம் பண்ணினாள்.

நாற்காலி இடுக்கில் சரியாகப் பொருந்தியது.

அம்மா நாற்காலியைப் பார்த்தாள். மேடத்தைப் பார்த்தாள். கடைசியாக மகளைப் பார்த்தாள்.

"இடுப்பு பிடிச்சுக்கும்னு சொன்னியே?" என்றாள் மகள்.

"பிடிச்சா பிடிச்சுட்டுப் போகுது," என்று அம்மா உட்கார்ந்தாள். மேடம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா சாப்பாட்டைத் தொடர்ந்தாள்.

மகள் சமையலறையைத் தாண்டி, சாப்பாட்டு அறையைத் தாண்டி நடந்தாள். "எங்க போறம்மா? கையெழுத்து போட்டாச்சே!" என்றார் பிரின்சிபல், பேனாவை மூடாமலே. வக்கீல் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்வாசல் கதவு திறந்தே இருந்தது.

கல்லூரியில் அவளுடைய அலமாரி காலையிலிருந்தே காலி. குடையையும் புத்தகங்களையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். அலமாரிச் சாவியைத் திரும்ப வாங்கும்போது காவலாளி, "என்ன டீச்சர், லீவா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, இனிமே வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டுத்தான் அவள் சாப்பிடவே வந்திருந்தாள்.